ஒரு சிலிண்டரா, இரண்டுமா?

பழைய படகு எஞ்சின் ஒன்று திணறத் தொடங்கினால் கரையில் நிற்கும் அத்தனை பேரும் வைத்தியர்களாகிவிடுகிறார்கள். கடந்த கச்சான் காலத்தில் என் மச்சானின் எஞ்சினுக்கு இரண்டு வாரங்களில் கிடைத்த தீர்ப்புகளை எண்ணிப் பார்த்தேன், ஏழு இருந்தன. பிளக் போய்விட்டது என்றார் ஒருவர். கார்பரேற்றர் அடைத்துவிட்டது என்றார் மற்றொருவர். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன, கிராங் ஆடுகிறது, எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது, எஞ்சினுக்கு வயது போய்விட்டது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஏழாவது தீர்ப்பு கண்ணூறு. அதைச் சொன்ன மூதாட்டி கையோடு ஒரு நூலையும் கொண்டுவந்திருந்தார். கண்ணூறு உண்டு என்பதை நான் மறுப்பவன் அல்லன். ஆயினும், பிளக்கைக் கழற்றிப் பார்க்கும் முன்னர் நூலைக் கட்டுவது மார்க்கத்திலும் இல்லை, மெக்கானிக் தொழிலிலும் இல்லை என்று பணிவாகச் சொல்லி அவரை அனுப்பிவைத்தேன்.

மச்சானின் படகு 18 அடி பைபர் படகு. பின்புறம் தொங்குவது 25 குதிரைவலு கொண்ட, இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக் மண்ணெண்ணெய் எஞ்சின். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது. இவ்வகை எஞ்சினைப் பார்த்திராதவர்களுக்காகச் சிறு விளக்கம்: இதனைப் பெற்றோலில் கிளப்பி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்குச் சற்று முன்னர் மறுபடியும் பெற்றோலுக்கு மாற்றிவிட வேண்டும். இல்லையேல் மறுநாள் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்தான் கழலும். மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல எளிதில் எரிவதன்று. ஆகவே பிளக்குகளில் கரி படிவது இந்த எஞ்சின்களின் இயல்பு. அந்த இயல்பே எல்லோரையும் முதலில் பிளக்கின் பக்கம் இழுத்துச் செல்கிறது.

நோயின் அறிகுறிகள் இவை. மெதுவாக ஓடும்போது எஞ்சின் உடம்பை உதறியது. வேகப்பிடியைத் திருகினால் ஒலி உயர்வதற்குப் பதிலாக இருமியது. முன்னர் மூன்று பேரும் வலையும் இருக்கும்போதே மூக்கை உயர்த்தி அலையின் மேல் ஏறி ஓடிய படகு, இப்போது ஒருவர் மட்டும் இருந்தாலும் உழவு மாட்டைப் போலத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு நகர்ந்தது. மண்ணெண்ணெய்ச் செலவோ ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது. 2022 ஆகஸ்டில் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறிய மண்ணெண்ணெயை எங்கள் கரையோரத்தில் இன்னும் யாரும் மறக்கவில்லை. அதன் பிறகு எண்ணெய்ச் செலவைப் பற்றிப் பேசும்போது இங்குள்ளவர்களின் குரலே மாறிவிடுகிறது.

செலவைவிடப் பெரிய அச்சம் வேறு. கிண்ணியாவிலிருந்து கொட்டியாரக் குடாவுக்குள் இறங்குபவர்களுக்குக் கச்சான் என்றால் என்னவென்று தெரியும். மே மாதம் தொடங்கித் தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும் காற்று அது. எஞ்சின் நின்ற படகை அது கரைக்குக் கொண்டுவராது. வெளியே, வங்காள விரிகுடாவை நோக்கித் தள்ளும். நங்கூரம் போடலாமே என்று தோன்றும். எங்கள் குடாவின் அடியில் ஆழமான கடற்பள்ளம் ஒன்று ஓடுகிறது. கரையிலிருந்து சற்று விலகினாலே பல இடங்களில் கயிறு அடியைத் தொடாது. என் மருமகனுக்கு 19 வயது. அவனும் அவனுடைய கூட்டாளியும் ஒருநாள் மாலை எஞ்சின் இருமி நின்றுபோய், மஃரிபுக்குப் பின்னர் மூதூர்ப் பக்கத்துப் படகொன்று கண்டு இழுத்துவரும் வரை மிதந்துகொண்டிருந்தார்கள். அன்றிரவு என் ராத்தா ஒரு வார்த்தையும் பேசவில்லை. மறுநாள் காலையில், "எஞ்சின் சரியாகும் வரைக்கும் அவன் கடலுக்குப் போகக் கூடாது" என்றார். மச்சான் மறுத்துப் பேசவில்லை.

அதன் பின்னர் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒரு மெக்கானிக் எஞ்சினைப் பீப்பாத் தண்ணீரில் ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, கிராங் முழுவதையும் கழற்றி மாற்ற வேண்டும் என்றார். அவர் சொன்ன தொகை மச்சானிடம் இல்லை. வட்டிக்குக் கடன் கொடுக்கும் நிறுவனம் ஒன்றின் ஆள் அதே வாரத்தில் வீட்டுக்கு வந்து, படிவம் ஒன்றை வைத்துவிட்டுப் போனார். மூன்று நாட்கள் அந்தப் படிவம் மேசையின் மேல் ஒரு தேநீர்க் கோப்பையின் கீழ் கிடந்தது. இரண்டாவது காரியம் அதனினும் கவலைக்குரியது. மச்சான், தாம் மண்ணெண்ணெய் வாங்கும் கடைக்காரர் தண்ணீர் கலக்கிறார் என்று முடிவுகட்டி, தேத்தண்ணிக் கடையில் பலர் முன்னிலையில் அதைச் சொல்லியும்விட்டார். கடைக்காரர் எங்கள் பள்ளிவாசலில் முதல் வரிசையில் நிற்பவர். அடுத்த ஜும்ஆவில் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் வெளியேறியதை நான் கண்டேன்.

என்னை மத்ரஸா ஆசிரியனாக மட்டும் அறிந்தவர்கள் இங்கே வியக்கக்கூடும். என் வாப்பா 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரைக்கும் துறையில் சிறிய எஞ்சின் படகு வைத்திருந்தார். 396 மீற்றர் நீளப் பாலம் ஊருக்கு வந்தது. வாப்பாவின் படகு தென்னை மரத்தடிக்கு வந்தது. அந்த எஞ்சினைக் கழற்றிப் பூட்டித்தான் நான் வளர்ந்தேன். பிற்காலத்தில் இஸ்லாமியக் கற்கை டிப்ளோமாவில் ஃபிக்ஹு விதிகளைப் படித்தபோது, ஐயத்தினால் உறுதி நீங்காது என்னும் விதி எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. வாப்பா அதனைச் சாவிக்கட்டையோடு சேர்த்துக் கற்பித்திருந்தார்: "நல்லா ஓடுற சாமானக் கழட்டாத. கெட்டதுன்னு கண்ணால கண்டதத்தான் கழட்டு."

வெள்ளிக்கிழமை மத்ரஸாவுக்கு விடுமுறை. ஜும்ஆ முடிந்ததும் மருமகனையும் அழைத்துக்கொண்டு படகுக்குச் சென்றேன். அவன் ஒரு பையில் புதிய பிளக்குகள், கார்பரேற்றர் வாஷர்கள், எமரித் தாள், கம்பித் தூரிகை எல்லாவற்றையும் கொண்டுவந்திருந்தான். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிச் சுத்தம் செய்துவிட்டால் ஏதோ ஒன்றில் குணமாகிவிடும் என்பது அவன் கணக்கு. இளைஞர்கள் பெரும்பாலும் இப்படித்தான். அப்படிச் செய்து குணமானால் எதனால் குணமானது என்பது தெரியாது. குணமாகாவிட்டால் புதிதாகப் பூட்டியவற்றில் எது கோளாறு என்பதும் தெரியாது. பையை மூடச் சொன்னேன்.

"மாமா, முதலில எதப் பார்க்கிறது?" என்றான்.

முதலில் ஒரு பொருளையும் பார்க்க வேண்டாம், ஒரு கேள்வியைக் கேள் என்றேன். இரண்டு சிலிண்டர் எஞ்சின் இருமும்போது நோய் ஒரு சிலிண்டரிலா, இரண்டிலுமா? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்தால் ஏழு தீர்ப்புகளில் பாதி அங்கேயே தள்ளுபடியாகிவிடும். இந்த எஞ்சினில் கார்பரேற்றர் ஒன்றே. எண்ணெய்ப் பம்பும் ஒன்றே. தாங்கியும் குழாயும் வடிகட்டியும் ஒன்றே. இவை அனைத்தும் இரண்டு சிலிண்டர்களுக்கும் பொதுவானவை. பொதுவான ஒன்று கெட்டால் இரண்டும் சேர்ந்து பசியால் வாடும். ஆனால் பிளக், பிளக்கின் தொப்பி, தடித்த வயர், கொயில், பிஸ்டன் வளையம் ஆகியவை ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி. ஒன்று மட்டும் ஓய்ந்து மற்றது உழைத்துக்கொண்டிருந்தால், கோளாறு அந்த ஒன்றுக்கே உரிய சாமான்களில் இருப்பதற்கான வாய்ப்பே மிகுதி.

இதைச் சோதிக்கும் முறை எளிது. ஆயினும் கவனம் வேண்டும். ஓடும் எஞ்சினில் வெறுங்கையால் பிளக் தொப்பியைப் பிடுங்குபவர்களைக் கண்டிருக்கிறேன். அதில் பாய்வது பல ஆயிரம் வோல்ற்று. உப்புநீரில் நனைந்த கையோடு அதைத் தொடுவது வீரம் அன்று. அத்தோடு, சில எஞ்சின்களில் பொறி பாய வழியில்லாமல் வயரைத் திறந்தபடி விட்டால் மின்பெட்டியும் கெட்டுவிடும். ஆகவே எஞ்சினை நிறுத்தி, மேல் சிலிண்டரின் தொப்பியைக் கழற்றி, அதன் முனையைச் சிறு கம்பியால் எஞ்சின் உடலோடு இணைத்துவிட்டு, மறுபடியும் கிளப்ப வேண்டும். எண்ணெய் சிந்தியிருந்தால் முதலில் துடைத்து, காற்றோட்டம் விட வேண்டும்.

படகைத் துறையின் தூணில் நன்றாகக் கட்டி, கியரில் போட்டு, சிறிது சுமை கொடுத்துச் சோதித்தோம். மேல் சிலிண்டரின் பொறியை நீக்கியபோது எஞ்சின் இரண்டு மூச்சு விட்டு நின்றது. அதாவது அதுவரை அதனை ஓட்டிக்கொண்டிருந்தது மேல் சிலிண்டரே. கீழ்ச் சிலிண்டரின் பொறியை நீக்கியபோது ஒலியில் ஒரு மாற்றமும் இல்லை. எஞ்சின் முன்னைப் போலவே உதறிக்கொண்டு ஓடியது. கீழ்ச் சிலிண்டர் சம்பளம் மட்டும் வாங்கிக்கொண்டு வேலை செய்யாமல் இருந்திருக்கிறது. அதற்குப் போன எண்ணெய் எரியாமல் புகைப்போக்கி வழியே வெளியேறியிருக்கிறது. எண்ணெய்ச் செலவு ஏறியதற்கும், தண்ணீரில் வண்ண வண்ணமாகப் படலம் மிதந்ததற்கும் காரணம் அங்கேயே விளங்கிவிட்டது.

மருமகன் சற்று நேரம் மௌனமாக நின்றான். பின்னர், "அப்ப எண்ணெய்யில தண்ணி கலந்தா ரெண்டும்தானே மிஸ் அடிக்கணும்?" என்றான். நான் எதிர்பார்த்த கேள்வி அது. கலப்பட எண்ணெய் ஓரிரு தடவை ஒரு பிளக்கை மட்டும் நனைத்துவிடலாம். வாரக்கணக்கில் கீழ்ச் சிலிண்டரை மட்டும் தெரிந்தெடுத்துப் பழிவாங்காது. இருந்தும் நேரடிச் சான்று வேண்டுமென்பதற்காகத் தாங்கியின் அடியிலிருந்து ஒரு கண்ணாடிப் போத்தலில் எண்ணெய் எடுத்து நிழலில் வைத்தோம். தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது; இருந்தால் அடியில் தனிக்கோடாகத் தெரியும். அஸருக்குப் போய் வந்து பார்த்தபோதும் கோடு ஒன்றும் இல்லை. அடியில் சில பழுப்பு நிறத் துகள்கள் மட்டும் கிடந்தன. அவற்றை மறந்துவிடாதே என்று மருமகனிடம் சொல்லிவைத்தேன்.

இனி, கீழ்ச் சிலிண்டருக்கு உரியவற்றை ஒவ்வொன்றாக விசாரிக்க வேண்டும். இரண்டு பிளக்குகளையும் கழற்றி அருகருகே வைத்தோம். மேல் பிளக்கின் முனை தேநீர்ச் சாயம் போன்ற பழுப்பு நிறம். அது நல்ல உடல்நலத்தின் நிறம். கீழ்ப் பிளக் கறுத்து, நனைந்து, எண்ணெய் சொட்டியது. அது வெள்ளையாகக் கொப்பளித்திருந்தால் எண்ணெய் போதாமல் சூடேறுகிறது என்று பொருள். கழுவிவைத்தது போலப் பளிச்சென்று இருந்தால் ஹெட் கஸ்கற் வழியே குளிர்நீர் உள்ளே கசிகிறதோ என்று பார்க்க வேண்டும். இங்கே இருந்தது எரியாத எண்ணெயின் ஈரம். ஆனால் ஒன்று: நனைந்த பிளக் நோய்க்குக் காரணமாகவும் இருக்கலாம், நோயின் விளைவாகவும் இருக்கலாம். அதனால் புதிய பிளக் பூட்டவில்லை. இரண்டையும் துடைத்து இடம் மாற்றிப் பூட்டினோம். கீழே இருந்தது மேலே சென்று நன்றாக வேலை செய்தது. மேலிருந்து கீழே வந்த நல்ல பிளக் பத்து நிமிடத்தில் நனைந்துபோனது. பிளக் குற்றமற்றது.

அடுத்து அமுக்கம். மோட்டார் சைக்கிள் கராஜ் வைத்திருக்கும் நானா ஒருவரிடம் அமுக்கமானியை இரவல் வாங்கியிருந்தேன். இரண்டு பிளக்குகளையும் கழற்றி, வயர்களை எஞ்சின் உடலோடு இணைத்து, வேகப்பிடியை முழுதாகத் திறந்து, முள் நிற்கும் வரை கயிற்றை இழுத்தோம். மேலே 98, கீழே 95 பி.எஸ்.ஐ. மண்ணெண்ணெய் எஞ்சின்களின் அமுக்கம் பெற்றோல் எஞ்சின்களைவிடக் குறைவாகவே இருக்கும். இங்கே தனி எண்ணைவிட இரண்டுக்கும் இடையிலான வேறுபாடே முக்கியம். அது பத்து வீதத்துக்கு மேல் போனால் கவலைப்பட வேண்டும். எங்களுடையது மூன்று வீதம். வளையங்களும் பிஸ்டனும் உடைக்கப்படவேண்டிய நிலையில் இல்லை. கிராங்கின் சீல்களைப் பற்றி இந்தச் சோதனை ஒன்றும் சொல்லாது என்பதும் உண்மை. ஆயினும் ஒன்றரை இலட்சம் ரூபாய் செலவழித்துப் பிரிப்பதற்கு முன்னர் பார்க்க வேண்டியவை இன்னும் மீதமிருந்தன.

கீழ்ப் பிளக்கின் தொப்பியைத் திருகிக் கழற்றியபோது வயரின் முனையில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. கடலோரத்தில் செம்பு பூக்கும் பூ அது. அரை அங்குலம் வெட்டி, புதிய செம்பு தெரிய மீண்டும் திருகினோம். எஞ்சின் கிளம்பிச் சீராக ஓடியது, உதறல் இல்லை. மருமகனுடைய முகம் மலர்ந்தது. மச்சானுக்குத் தொலைபேசியும் போட்டுவிட்டான். நான் கடலில் ஓட்டிப் பார்க்கலாம் என்றேன். இருபது நிமிடம் முழு வேகத்தில் ஓடியதும் இருமல் மறுபடியும் வந்துவிட்டது. கீழ்ச் சிலிண்டரேதான்.

இந்த இடத்தில் பலர் ஏமாறுவதுண்டு என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். பீப்பாவில் ஓடும் எஞ்சின் சுமையில்லாமல் ஓடுகிறது. கடலில் படகைத் தள்ளும்போது சிலிண்டருக்குள் காற்றும் எண்ணெயும் மிகுதியாக நிறைந்து அமுக்கம் ஏறுகிறது. அமுக்கம் ஏறும்போது பிளக்கின் இடைவெளியைப் பொறி தாண்டுவதற்குக் கூடுதல் வோல்ற்று வேண்டும். நலிந்த கொயில் பீப்பாவில் தேறிவிடும், கடலில் தோற்றுவிடும். சூடும் அவ்வாறே. கொயிலின் உள்ளே முடியளவு மெல்லிய கம்பி பல ஆயிரம் சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கிறது. அதன் காப்புப் பூச்சில் எங்கோ ஒரு கீறல் இருந்தால், குளிரில் ஒட்டியிருந்தது சூட்டில் விரிந்து, மின்சாரம் குறுக்கு வழியில் போய்விடும். பீப்பாவில் காது கொடுத்துக் கேட்டு கிராங் என்று சொன்ன மெக்கானிக்கை நான் பொய்யர் என்று சொல்லமாட்டேன். அவர் நோயாளியைத் தூங்கும்போது பரிசோதித்திருக்கிறார்.

மீற்றரால் அளந்தால் கொயிலின் கோளாறு தெரியாதா என்று கேட்பார்கள். நாங்கள் அளந்தோம்; இரண்டு கொயில்களும் ஏறத்தாழ ஒரே அளவைக் காட்டின. மீற்றர் தன் சிறிய பற்றரியால் கேட்கும் கேள்வியும், கடலில் எஞ்சின் கேட்கும் கேள்வியும் ஒன்றல்ல. ஆகவே பழைய வழியையே பின்பற்றினோம்: இரண்டு கொயில்களையும் இடம் மாற்றுவது. எந்த வயர் மேலே, எந்த வயர் கீழே என்பதற்கு வெள்ளை நூலும் கறுப்பு நூலும் கட்டி அடையாளம் வைத்தோம். மருமகன் கொயிலின் அடியிலிருந்த துருவையும் அந்தக் கையோடு எமரித் தாளால் தேய்க்க முனைந்தான். இப்போது தேய்க்காதே, மாற்றுவது மட்டும்தான் இன்றைய பாடம் என்று தடுத்தேன். சில எஞ்சின்களில் இரண்டு சிலிண்டர்களுக்கும் ஒரே கொயில் இருக்கும். அவற்றில் இந்தச் சோதனைக்கு வழியில்லை, வேறொரு நல்ல கொயிலைத்தான் இரவல் வாங்க வேண்டும்.

மறுபடியும் கடல். இம்முறை மச்சானும் வந்தார். முன்னெச்சரிக்கையாகத் துடுப்புகளையும், துணைக்கு இன்னொரு படகையும் ஏற்பாடு செய்திருந்தோம். பதினெட்டாவது நிமிடத்தில் இருமல் தொடங்கியது. எஞ்சினை நிறுத்தி, ஒவ்வொரு சிலிண்டராகப் பொறியை நீக்கிச் சோதித்தோம். இப்போது ஓய்ந்திருந்தது மேல் சிலிண்டர். நோய் கொயிலோடு மேலே ஏறிவிட்டது. இதற்கு மேல் சாட்சி தேவையில்லை. மச்சான் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "அப்ப கிராங் இல்லையா?" என்று மட்டும் கேட்டார்.

திருகோணமலையில் பாவித்த, ஆனால் சோதிக்கப்பட்ட கொயில் ஒன்று கிடைத்தது. கிராங்குக்குச் சொன்ன தொகையில் பத்தில் ஒரு பங்கும் ஆகவில்லை. பூட்டியதும் இருமல் முற்றாக நின்றது. ஒரு மணிநேரம் ஓடியும் வரவில்லை. மேசையில் கிடந்த கடன் படிவத்தை ராத்தா அடுப்பில் போட்டார்.

ஆயினும் கதை அங்கே முடியவில்லை. இருமல் போய்விட்டது, பலம் முழுதாகத் திரும்பவில்லை. முழு வேகம் கொடுத்தால் படகு மூக்கை உயர்த்தி ஓடும். அரை நிமிடத்தில் ஒலி தணிந்து, படகு மறுபடியும் தண்ணீரில் உட்காரும். வேகத்தைக் குறைத்துச் சற்றுப் பொறுத்தால் மீண்டும் ஏறும். இருமலையும் பலவீனத்தையும் எல்லோரும் ஒரே நோய் என்று கருதியிருந்தார்கள். இரண்டு நோய்கள் ஒரே வீட்டில் குடியிருந்திருக்கின்றன.

இப்போதும் அதே கேள்வி: ஒன்றா, இரண்டுமா? இம்முறை உதறல் இல்லை. இரண்டு சிலிண்டர்களும் சேர்ந்தே தளர்ந்தன. ஆகவே பொதுவானவற்றின் பக்கம் திரும்பினோம். முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது, எண்ணெய்க் குழாயின் நடுவிலுள்ள இறப்பர்க் குமிழைக் கையால் விடாமல் அமுக்கச் சொன்னேன். மருமகன் அமுக்கினான், எஞ்சின் எழுந்தது. கையை எடுத்தான்; தளர்ந்தது. எஞ்சினுக்கு எண்ணெய் போதவில்லை என்பது உறுதி. அத்தோடு, கையை எடுத்த பின்னர் குமிழ் உலர்ந்த பழம் போலச் சப்பையாகிக் கிடந்தது. எஞ்சினின் பம்ப் பலவீனமாக இருந்தால் குமிழ் சப்பையாகாது. பம்ப் உறிஞ்சுகிறது, பின்னாலிருந்து எண்ணெய் வரவில்லை என்பதன் அடையாளம் அது. தாங்கியின் மூடியிலுள்ள காற்றுத் துளை திறந்தே இருந்தது. ஆகவே அடைப்பு குமிழுக்கும் தாங்கியின் அடிக்கும் இடையில்.

தாங்கியின் உறிஞ்சு குழாயை வெளியே இழுத்தபோது அதன் முனையிலிருந்த சல்லடை கண்ணுக்கே தெரியவில்லை. பல வருட எண்ணெய்ப் பிசினில் பழுப்பு நிறத் துகள்கள் அப்பியிருந்தன. போத்தலின் அடியில் கிடந்த அதே துகள்கள். விரலால் தேய்த்தால் செந்நிறம். துரு. தாங்கியோ பிளாஸ்ரிக், அதில் துரு வர வழியில்லை. மருமகன் சுற்றிலும் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் படகின் மூலையிலிருந்த தகரப் புனலை எடுத்து என் முன்னே வைத்தான். உட்புறம் முழுவதும் துருவேறி, தட்டினால் உதிர்ந்தது. மச்சான் எட்டு வருடங்களாக அந்தப் புனலால்தான் எண்ணெய் ஊற்றிவந்திருக்கிறார்.

இதனை அற்ப விடயம் என்று எண்ணிவிடக் கூடாது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டனுக்கான மசகு எண்ணெயும் எரிபொருளோடு கலந்தே செல்கிறது. எரிபொருள் குறைந்தால் மசகும் குறைகிறது. முழு வேகத்தில், மிகுந்த சூட்டில் அவ்வாறு நேர்ந்தால் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். இன்னும் சில வாரங்கள் அப்படியே ஓட்டியிருந்தால் கிராங் மெக்கானிக் சொன்னது பலித்திருக்கும்.

சல்லடையைப் பெற்றோலில் கழுவி, தாங்கியை அலசி, குழாயை ஊதிப் பூட்டினோம். பலம் திரும்பியது.

எஞ்சின் வேலை முடிந்தது. மச்சானின் வேலை முடியவில்லை. அந்த ஆண்டு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் சூரா ஹுஜுராத்தின் விளக்கத்தைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஊகத்தைப் பற்றிய அதன் எச்சரிக்கையை மச்சானுக்கு எடுத்துச் சொல்ல நாவு வரை வந்தது. சொல்லவில்லை. தகரப் புனல் அவர் கையில் இருந்தது. அது போதுமாக இருந்தது. அன்று அஸருக்குப் பின்னர் அவர் தனியே எண்ணெய்க் கடைக்குச் சென்றார். கடைக்காரர் அவர் சொன்னதை முழுதாகக் கேட்டார். கோபப்படவில்லை. "தேத்தண்ணிக் கடையில வெச்சுத்தானே சொன்னீங்க. இதையும் அங்கேயே வந்து சொல்லுங்க" என்றார். அவர் கேட்டது நியாயம். ஒருவருடைய மானத்தை எவர் முன்னிலையில் குறைத்தோமோ அவர்கள் முன்னிலையிலேயே அதனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றுதான் நாங்களும் மாணவர்களுக்குக் கற்பிக்கிறோம்.

மறுநாள் ஸுபஹுக்குப் பின்னர், கடை நிரம்பியிருந்த நேரத்தில், மச்சான் சென்று சொன்னார். புனலையும் எடுத்துச் சென்றிருந்தார். சிலர் சிரித்தார்கள். கடைக்காரர் இருவருக்கும் தேநீர் சொன்னார். காசு கொடுத்தவர் யாரென்று நான் விசாரிக்கவில்லை.

இப்போது மருமகன் மறுபடியும் கடலுக்குப் போகிறான். படகில் இரண்டு உபரிப் பிளக்குகளும் பிளக் சாவியும் துடுப்புகளும், நனையாத பையில் ஒரு தொலைபேசியும் எப்போதும் இருக்கின்றன. இது ராத்தாவின் நிபந்தனை. ஒன்று மட்டும் பாக்கியிருக்கிறது. முழு வேகத்தில் திடீரெனத் திருப்பும்போது எஞ்சின் ஒலி உயர்ந்து படகு சற்றுப் பின்தங்குவதாக அவன் சொல்கிறான். புரொப்பெல்லரின் நடுவிலுள்ள இறப்பர்ப் புஷ் வழுக்கக்கூடும். அதன் உட்குடத்திலும் வெளிக்குடத்திலும் சேர்த்து ஒரு வெள்ளைக் கோடு கீறிவிட்டிருக்கிறோம். ஒரு வாரம் ஓடிய பின்னர் கோடு நேராக இருக்கிறதா, விலகியிருக்கிறதா என்று வரும் வெள்ளிக்கிழமை பார்க்க வேண்டும்.